பன்னிரண்டாம் பாடத்தின் கட்டாய வினா

விதி பதினொன்று: மாணவர் ஒருவர் தம் விடைத்தாள் திருத்தப்பட்ட விதத்தை எழுத்து மூலம் ஆட்சேபித்தால், திருத்தியவர் அன்றே அந்தத் தாளைத் தம் குறிப்பு எதுவும் சேர்க்காமல் இரண்டாம் திருத்துநரிடம் ஒப்படைக்க வேண்டும்; தாமே பதில் எழுதலாகாது.

எங்கள் பள்ளியின் நடைமுறைக் கையேட்டில் ஒரே மூச்சில் வாசிக்கக்கூடிய விதி இது ஒன்றுதான். சுருக்கம் உண்டு, தெளிவு உண்டு, ஓட்டை இல்லை. இப்படிப் புகழ எனக்கு உரிமை இருக்கிறது, எழுதியவன் நான். முப்பத்துநான்கு ஆண்டுகளில் அதை மீறியவனும் ஒருவன்தான். அவனும் நான்.

பள்ளி என்றதும் மணியும் மைதானமும் நினைக்க வேண்டாம். சித்தூரில் ஒரு மாடிக் கட்டடத்தில் மூன்று அறைகள், மேசைகள், தபால் பைகள். அஞ்சல் வழிக் கிறிஸ்தவ வேதபாடப் பள்ளி. எந்த மதத்தவரும் எழுதிக் கேட்டால் முதல் பாடத்தை இலவசமாக அனுப்புவோம். அவர் படித்து, கேள்விகளுக்கு விடை எழுதி, தாளைத் திருப்பி அனுப்புவார். நாங்கள் திருத்தி, அடுத்த பாடத்தோடு சேர்த்து அனுப்புவோம். பன்னிரண்டு பாடங்கள் முடித்தால் சான்றிதழ். பக்கத்து அறையில் தெலுங்குப் பிரிவு. நான் தமிழ்ப் பிரிவு. நகரி, புத்தூர், சத்தியவேடு, பாலசமுத்திரம் பக்கத்துத் தமிழர்கள் எல்லாரும் என் மேசைக்கு வருவார்கள், பழுப்பு உறைகளுக்குள்.

இப்போது அந்த உறைகள் இல்லை. பாடங்கள் கைபேசிக்குப் போய்விட்டன. நான்கு விடைகளில் ஒன்றைத் தொட்டால் உடனே பச்சையோ சிவப்போ தெரியும். இளைய ஊழியர்கள் வீட்டுக்கு வந்து, "சார், இனிமே திருத்தற வேலையே கெடையாது. உங்க காலத்துக் கதை ஒண்ணு எழுதிக் குடுங்க, மலர்ல போடறோம்" என்றார்கள். வேலை போனதை இவ்வளவு சந்தோஷமாகச் சொல்பவர்களை நான் பார்த்ததில்லை. கைபேசி வேகமானது, என் கையெழுத்தைவிட அழகானது, கோபப்படாது. எல்லாம் சரி. ஐந்தாவதாக ஒரு விடை இருக்கலாம் என்று நினைப்பவருக்கு மட்டும் அதில் இடம் இல்லை. எங்கள் தாளில் இடம் இருந்தது. அந்த இடத்தில் ஒருமுறை நான் என்ன செய்தேன் என்பதை எழுதித் தருகிறேன். மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் விருப்பம்.

என் படிப்பைப் பற்றி ஒரு வாக்கியம் போதும். சென்னையில் தமிழ் எம்.ஏ., பிறகு இறையியலில் ஒரு பட்டயம், இரண்டிலும் முதல் வகுப்பு. அந்த முதல் வகுப்பின் மிதப்போடுதான் எபனேசர் ஐயாவின் முன்னால் வேலைக்குப் போய் நின்றேன். அவர்தான் பள்ளியின் இயக்குநர். ஒல்லியான மனிதர். ரப்பர் செருப்பு, சட்டைப்பையில் ஒரு பென்சில். பேனா வைத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

முதல் நாள் ஒரு விடைத்தாளைக் கொடுத்துத் திருத்தச் சொன்னார். புத்தூர்க்காரர் ஒருவர் நோவாவையும் மோசேயையும் குழப்பியிருந்தார். நான் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டு, 'தவறு' என்று எழுதி, ஆச்சரியக்குறியும் வைத்தேன். ஐயா வாங்கிப் பார்த்தார். என் ஆச்சரியக்குறியின் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து என்னிடமே திருப்பித் தந்தார்.

"என்ன ஐயா?"

"நீயே பாரு."

அன்று மாலைவரை பார்த்தேன். அந்தப் புள்ளிதான் அவருடைய கண்டிப்பு, அறிவுரை, குறிப்பாணை எல்லாம். எங்கே தப்பு என்று காட்டுவார், என்ன தப்பு என்று சொல்ல மாட்டார். திட்டு வாங்கினால் அரை மணியில் மறந்துவிடலாம். புள்ளி வாங்கியவன் சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பான்.

அவரிடம் கற்ற நடைமுறையைச் சொல்கிறேன், இனி யாருக்கும் தேவைப்படாது என்றாலும். உறையைக் கத்தரியால் வெட்டக் கூடாது, உள்ளே மாணவர் விளிம்புவரை எழுதியிருப்பார்; விரல் விட்டுப் பிரிக்க வேண்டும். வந்த தேதியை முத்திரையிட வேண்டும். வரவுப் பதிவேட்டில் எண் ஏற்ற வேண்டும். சரியான விடையின் கீழ் சிவப்பு மையில் ஒரு கோடு. சரியில்லாத விடையைச் சுற்றி வட்டம், ஓரத்தில் அதிகாரமும் வசனமும். எடுத்துப் பார்த்து மாணவரே கண்டுபிடிக்கட்டும். 'தவறு' என்ற சொல் கிடையாது. கடைசியில் ஒரு வரி பாராட்டு, அது பொய்யாக இருக்கக் கூடாது. பாராட்ட எதுவும் கிடைக்காத தாள்களும் உண்டு. "உங்கள் முகவரி தெளிவாக இருந்தது" என்று நான் எழுதியதுண்டு. அடியில் 'ஜெப விண்ணப்பம்' என்று இரண்டு கோடு விட்டிருப்போம். அதில் மகளுக்கு மாப்பிள்ளை கேட்டிருப்பார்கள், போர்வெல்லில் தண்ணீர் கேட்டிருப்பார்கள். நகரியிலிருந்து ஒருவர் பன்னிரண்டு பாடத்திலும் தன் எருமைக்காக ஜெபிக்கச் சொன்னார். சான்றிதழ் அனுப்பிய பிறகு எருமை என்ன ஆயிற்று என்று எங்களுக்குத் தெரியவில்லை. மேசையில் எல்லாருக்கும் அது ஒரு குறை.

ஐயாவின் இன்னொரு ஏற்பாடு, வேறெங்கும் நான் கேள்விப்படாதது. திருத்துநர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு பாடத்தொகுப்பில், வேறு பெயரில், சாதாரண மாணவராகச் சேர்ந்து விடை எழுத வேண்டும். "திருத்தற கை வருஷத்துக்கு ஒரு தபாவாவது எழுதற கையா இருக்கணும்" என்பார். தபாலில்தான் அனுப்ப வேண்டும். தமிழ்த் தாளை, தமிழும் வாசிக்கத் தெரிந்த தெலுங்குப் பிரிவு சுகுணம்மா திருத்துவார். அவருடைய தெலுங்குத் தாளை நான் திருத்துவேன். யாருடையது என்று தெரியக் கூடாது. கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் நான் சொல்லச் சொல்ல என் மனைவி எழுதுவாள். ஆண்டுதோறும் நூற்றுக்கு நூறு.

"இத்தனை வருஷமா நூறு வாங்கினது நீங்களா நானா?" என்பாள் அவள்.

"விடை என்னுது."

"அதான் கேக்கறேன். வெடயும் உங்க வெட, பாடமும் நீங்க எழுதின பாடம். இதுல என்னாத்தத் தனியா கத்துக்கறீங்க?"

வீட்டுப் பேச்சை நான் பதிவேட்டில் ஏற்றுவதில்லை.

ஆனால் அவள் சொன்னது உண்மை. நான் சேர்ந்த சில ஆண்டுகளில் பாடங்களைத் தமிழில் புதிதாக எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. பன்னிரண்டு பாடமும், திருத்துவதற்கான விடைக்குறிப்பும் என்னுடையவை. பன்னிரண்டாம் பாடம், இயேசு தம் சீடர்களின் கால்களைக் கழுவியது. அதன் கடைசிக் கேள்வி கட்டாய வினா, பத்து மதிப்பெண். இதில் பாதியாவது வாங்காவிட்டால் மற்றதில் எத்தனை வாங்கியிருந்தாலும் சான்றிதழ் இல்லை. கேள்வி இது: 'தம் கால்களை இயேசு கழுவ வந்தபோது பேதுரு ஏன் முதலில் மறுத்தார்? உங்கள் வாழ்விலிருந்து ஓர் எடுத்துக்காட்டுடன் எழுதுக.' விடைக்குறிப்பு: 'தாழ்மையால். குரு தமக்குப் பணிவிடை செய்வதை அவர் மனம் ஏற்கவில்லை.' மதிப்பெண் பத்து.

என் பணியின் கடைசி ஆண்டில், கொரோனாவுக்குப் பின் தபால் பழையபடி வந்துகொண்டிருந்த காலத்தில், அலமேலு என்ற மாணவியின் பன்னிரண்டாம் தாள் வந்தது. சொந்த ஊர் பாலசமுத்திரம். திருப்பதியில் ஒரு தனியார் மருத்துவமனையில் வார்டு உதவியாளர். பதினொரு பாடங்களிலும் நல்ல மதிப்பெண். பென்சிலால் எழுதி, அதன் மேலேயே பேனாவால் எழுதுகிறவர். கட்டாய வினாவுக்கு இப்படி எழுதியிருந்தார்: 'பேதுருவுக்குத் தாழ்மை இல்லை. பெருமை. நான் நோயாளிகளின் காலைக் கழுவுகிற வேலை செய்கிறேன். ஏழைகள் காலை நீட்டுவார்கள். பெரிய மனிதர்கள்தான் இழுத்துக்கொள்வார்கள்.'

வட்டம் போட்டேன். ஓரத்தில் வசன எண் எழுதினேன். பூஜ்யம் போட்டேன். 'எடுத்துக்காட்டு உயிரோட்டமாக உள்ளது' என்று உண்மையான பாராட்டு ஒன்றும் எழுதினேன். விதிப்படி எல்லாம் சரி.

பத்து நாளில் கடிதம் வந்தது. பூஜ்யம் ஏன் என்று கேட்டிருந்தார். விதி பதினொன்றின்படி அந்த நிமிடமே தாளைப் பக்கத்து அறையில் சுகுணம்மாவிடம் கொடுத்திருக்க வேண்டும். பத்து அடி தூரம். நான் போகவில்லை. என் பாடத்தைப் பற்றி எனக்குத் தெரியாததா சுகுணம்மாவுக்குத் தெரியும்? மூன்று அம்சங்களாகப் பிரித்துப் பதில் எழுதினேன். 'பாடத்தின் நான்காம் பக்கம், இரண்டாம் பத்தியைக் காண்க' என்று முடித்தேன்.

பதில் வந்தது: 'ஐயா, நான்காம் பக்கம் பார்த்தேன். அதில் தாழ்மை என்று இருக்கிறது. வேதத்திலும் பார்த்தேன். அதில் அப்படிப் போடவில்லையே.'

இந்த இடத்தில் நிதானமான ஒருவன் வேதத்தைத் திறந்திருப்பான். நான் நடைமுறைக் கையேட்டைத் திறந்தேன். மறுதேர்வு எழுத விதி ஐந்தில் இடமுண்டு என்று தெரிவித்துப் புதிய தாள் அனுப்பினேன். அதே விடையை, ஒரு சொல் மாற்றாமல், எழுதி அனுப்பினார். அதே வட்டத்தை, ஒரு வளைவு மாற்றாமல், போட்டு அனுப்பினேன். பிறகு அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

மாதக் கடைசியில் ஐயா பதிவேட்டைப் புரட்டுவது வழக்கம். நடுவில் நின்றுபோன மாணவர்களின் எண்ணுக்கு நேரே புள்ளி வைப்பார். ஓய்வு வயது எப்போதோ தாண்டியிருந்தும், சம்பளம் இல்லாமல், அந்தப் பென்சிலோடு தினமும் வந்துகொண்டிருந்தார். நான்கு மாதமாகக் காலியாகக் கிடந்த கட்டத்தில் அவர் பென்சில் நின்றது.

"தங்கராஜு, இந்தம்மா பன்னெண்டுல வந்து நின்னுட்டாங்களே. ஒடம்பு கிடம்பு சரியில்லயா?"

"அதெல்லாம் இல்ல ஐயா. பிடிவாதம்."

"யாருக்கு?"

நான் கடிதங்களைக் கொண்டுவந்து வைத்தேன். படித்தார். நிதானமாகப் படிக்கிறவர், என் மூன்று அம்சங்களையும் சேர்த்து.

"ஆட்சேபம் வந்திருக்குது. சுகுணம்மா கிட்ட குடுத்தியா?"

"இல்லீங்க. நானே பதில் போட்டுட்டேன்."

கையேட்டை எடுத்தார். பதினொன்றாம் விதிக்குப் பக்கத்தில் புள்ளி வைத்தார். என் பக்கம் தள்ளினார்.

"இத எழுதனவன் நல்லா எழுதியிருக்கான். யாருன்னு உனக்குத் தெரியுமா?"

பக்கத்து அறையில் தட்டச்சுச் சத்தம் நின்றது. சுகுணம்மாவுக்குக் காது நல்ல காது.

"இப்பவே அவங்ககிட்ட குடுத்துடறேன் ஐயா."

"குடுக்கலாம். அவங்க மார்க்கு போட்டா அந்தம்மாவுக்கு சர்டிபிகேட் வரும். உனக்கு என்னா வரும்? மொதல்ல திருப்பதி போ. அவங்க கால் கழுவறதப் பாத்துட்டு வா. வாதாடாத. பாத்துட்டு வா, போதும்."

மறுநாள் பஸ்ஸில் போனேன். பூதலப்பட்டு தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. சந்திரகிரியில் ஏறிய ஒரு கூட்டம், மலைக்குப் போய் வந்ததோ போவதோ தெரியவில்லை, குடையைச் சுருக்கி என் மடியில் வடியவிட்டது. எனக்கு அறுபது வயது, எம்.ஏ., முதல் வகுப்பு. ஒரு வார்டு உதவியாளர் கால் கழுவுவதைப் பார்க்க நனைந்துகொண்டு போகிறேன். அன்று என் மனநிலை பக்தியானது என்று சொல்ல மாட்டேன்.

மருத்துவமனை இரண்டாம் மாடியில் அவர் இருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். நீலப் புடவை, இடுப்பில் செருகிய முந்தானை, கையில் பிளாஸ்டிக் பேசின். பள்ளியின் பெயரையும் என் பெயரையும் சொன்னேன்.

"தங்கராஜ் சாரா?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். "செவப்பு மை சாரா? நான் இன்னும் ஒசரமா இருப்பீங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

"வேலை முடிச்சிட்டு வாங்கம்மா. பேசலாம்."

"முடியறதா? இங்கயே நில்லுங்க சார், கதவாண்ட. ஸிஸ்டர் கேட்டா எனக்கு மாமான்னு சொல்லுங்க."

நின்றேன். முதல் கட்டிலில் சத்தியவேட்டுக் கொத்தனார் ஒருவர், முழங்காலில் கட்டு. இட்லி தின்றுகொண்டிருந்தார். பேசினைப் பார்த்ததும் தட்டை மடியில் வைத்துக்கொண்டே காலை நீட்டினார்.

"யக்கா, அந்த வெரலு இடுக்குல நல்லாத் தேச்சி வுடு. நேத்து வந்தவ சும்மா தண்ணி காட்டிட்டுப் பூட்டா."

"துன்னும்போது பேசாத. பொரை ஏறும்."

அடுத்த கட்டிலில் ஒரு ஓய்வுபெற்ற அதிகாரி. எந்தத் துறை என்று கேட்கத் தேவையில்லை, படுத்திருந்த விதமே சொன்னது. இடுப்பு எலும்பு முறிவு, எழ முடியாது. பேசின் அருகே வந்ததும் காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

"வத்தம்மா, வத்து. நேனே கடுக்குண்டானு." தாமே கழுவிக்கொள்வாராம், எழுந்து உட்காரவே முடியாதவர்.

அலமேலு தெலுங்கிலேயே ஏதோ மெதுவாகச் சொன்னார். போர்வையை விலக்கவில்லை. காத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு கால் வெளியே வந்தது. அது வந்ததுமே உத்தரவுகளும் வந்தன. தண்ணீர் சூடு போதாது. அந்தத் துண்டு வேண்டாம், பெட்டியில் இருக்கிற துண்டு. கால் மட்டும் ஏன், கையையும் கழுவு. முகத்தையும் துடை. இப்படி அல்ல, அப்படி. அலமேலு எல்லாவற்றையும் செய்தார். நடுவில் ஒரே ஒரு முறை நிமிர்ந்து என்னைப் பார்த்தார், அவ்வளவுதான்.

வராந்தாவில் டீ வாங்கித் தந்தார். நான் வாங்குவதாகச் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"பாத்தீங்க இல்ல சார்? மொதல்ல வேணாம்னாரு. அப்பறம் மூஞ்சிக்கும் ஊத்துன்னாரு. பேதுருவும் அதானே? கால் வேணாம்னான். கழுவலன்னா ஒனக்கு எங்கூடப் பங்கு இல்லன்னு இயேசு சொன்னதும், அப்படின்னா கை, தலை எல்லாத்துக்கும்னான். ரெண்டு தபாவும் அவன் சொல்றதுதான் நடக்கணும். தாழ்மையா இருக்கறவன் கம்முனு காலை நீட்டிக்கினு இருப்பான், நம்ம கொத்தனாரு மாதிரி."

வாதாடாதே என்ற கட்டளை நினைவிருந்தது. வாதாடினேன். "அம்மா, அனுபவம் வேற, வியாக்கியானம் வேற" என்று ஆரம்பித்து நான்கைந்து நிமிடம் பேசினேன். நல்ல தமிழ். அவர் டம்ளரைக் கழுவி வைத்தார்.

"வுடுங்க சார். நான் வுட்டுட்டேன். உங்க மேல கோவம் இல்ல. எங்க காலனி சபையில சின்னப் பிள்ளைங்க கிளாஸ் எனக்குத் தரேன்னாங்க, சர்டிபிகேட் இருந்தா. கிறிஸ்மஸ் வரைக்கும் பாப்பாங்க, அப்பறம் வேற யாருக்காவது குடுத்துடுவாங்க. அந்தப் பிள்ளைங்க பேரெல்லாம் நான் ஏற்கெனவே மனப்பாடம் பண்ணி வெச்சிருந்தேன், அதான் கொஞ்சம் கஷ்டமா இருக்குது."

"அப்படின்னா தாழ்மைன்னு எழுதிடலாமே. பத்து மார்க்கு."

சொன்னது நான்தான். சிவப்பு மையில் முப்பத்துநான்கு ஆண்டு. அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. இடுப்பொடிந்த அதிகாரியைப் பார்த்த அதே பொறுமை இருந்தது.

"அது எனக்குத் தெரியாத பதிலு சார். தெரியாதத எழுதிட்டு, பிள்ளைங்களுக்கு எப்படிச் சொல்லித் தரது?"

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. பையிலிருந்து சிறிய புதிய ஏற்பாட்டை எடுத்து அந்தப் பகுதியைப் படித்தேன். படித்ததில்லையா என்று கேட்பீர்கள். மனப்பாடமாகத் தெரியும் என்று நினைத்திருந்தேன். பேதுரு முதலில் மறுக்கிறார். அடுத்த மூச்சில் கையும் தலையும் என்று தாமே அளவு சொல்கிறார். இயேசு அதையும் ஏற்கவில்லை, கால் போதும் என்கிறார். எல்லாம் அலமேலு சொன்னபடியே இருந்தது. தாழ்மை என்ற சொல் அங்கே இல்லை. அது இருந்த இடம் என் பாடத்தின் நான்காம் பக்கம், இரண்டாம் பத்தி. இத்தனை ஆண்டுகளாக நான் திரும்பத் திரும்பப் படித்துவந்தது என்னைத்தான். ஆண்டுதோறும் மாணவனாகச் சேர்ந்து, என்னையே எழுதி, எனக்கு நூறு வாங்கிக்கொண்டிருந்தேன்.

சித்தூரில் இறங்கி நேராக அலுவலகம் போனேன். அலமேலுவின் தாளை, என் குறிப்பு எதுவும் சேர்க்காமல், சுகுணம்மாவின் மேசையில் வைத்தேன். மூன்று நாள் வைத்திருந்தார். அந்த மூன்று நாளும் பக்கத்து அறைக்குப் போகாமல் இருக்க எனக்குத் தெரிந்த எல்லாத் தியான முறைகளையும் பயன்படுத்தினேன்.

நான்காம் நாள் தாள் வந்தது. பத்துக்குப் பத்து. ஓரத்தில், 'இந்த விடை விடைக்குறிப்பில் இல்லை. சேர்க்கவும்.' தாளைக் கொடுத்துவிட்டு அவர் போகவில்லை.

"சார், ஒரு சந்தேகம். போன வருஷம் விஜயான்னு ஒரு ஸ்டூடண்ட் பன்னெண்டாம் பாடத்துல நூத்துக்கு நூறு வாங்கினாங்க. கையெழுத்து உங்க வீட்டு அம்மாது மாதிரியே இருந்துச்சு. இப்ப அவங்களுக்குப் பத்து கொறைக்கணுமா, வேணாமா?"

"குறைங்க."

"நிஜமாவா?"

"எழுத்து மூலம் ஆட்சேபிக்க மாட்டேன்."

சுகுணம்மா சிரித்த சிரிப்பு ஐயாவின் அறைவரை கேட்டிருக்கும். விஜயாவின் மதிப்பெண் தொண்ணூறு என்று திருத்தப்பட்டது. அன்று மாலை என் மனைவிக்கு அதைச் சொன்னேன். "அந்தப் பத்து உங்களது, மீதித் தொண்ணூறு என்னுது" என்றாள்.

அதற்குப் பிறகுதான் எனக்குத் தூக்கம் கெட்டது. அலமேலுவுக்கு முன்னால் இந்த விடையை வேறு யாராவது எழுதியிருப்பார்களே, வட்டம் வாங்கி, பேசாமல் விலகிப் போயிருப்பார்களே. தேட வழியில்லை. தாள்கள் மாணவர்களிடமே திரும்பிப் போய்விடும். எங்களிடம் இருப்பது எண்களும் தேதிகளும் மட்டும். ஆகவே பள்ளியின் செய்தி மடலுக்கு ஓர் அறிவிப்பு எழுதினேன்: 'பன்னிரண்டாம் பாடக் கட்டாய வினாவில், பேதுரு பெருமையால் மறுத்தார் என எழுதி மதிப்பெண் இழந்தவர்கள் எங்களுக்கு எழுதவும். பிழை திருத்துநர்களுடையது.' ஐயாவிடம் காட்டினேன். 'திருத்துநர்களுடையது' என்ற சொல்லின் நடுவில் புள்ளி வைத்தார். நான் கூட்டத்தில் ஒளிந்துகொண்டிருந்தது அவருக்குத் தெரிந்துவிட்டது. 'பிழை திருத்துநர் தங்கராஜுடையது' என்று மாற்றினேன். அப்படியே அச்சானது. முப்பத்துநான்கு ஆண்டில் நான் எழுதி அச்சேறியது ஏராளம். சட்டம் போட்டு மாட்டியிருப்பது அந்தத் துண்டு ஒன்றைத்தான். வீட்டுக்கு வருகிறவர்கள் விருதுப் பத்திரம் என்று நினைத்துக் கிட்டப் போய்ப் படிப்பார்கள். நான் தடுப்பதில்லை.

இரண்டு பேர் எழுதினார்கள். ஒருவர் சத்தியவேட்டிலிருந்து, சான்றிதழ் அனுப்பினோம். இன்னொருவர், தாம் அந்த விடையை எழுதவில்லை, ஆனால் நினைத்தார் என்று எழுதியிருந்தார். அதற்கு விதி இல்லை. வாழ்த்து அனுப்பினோம்.

அலமேலுவுக்கு எழுதிய கடிதம் நான்கு வரைவுகள் கண்டது. முதல் வரைவு இரண்டு பக்கம். ஐயா ஏழு புள்ளி வைத்தார். இரண்டாவதில் 'எனினும்' என்ற சொல்லில் ஒன்று. மூன்றாவதில் 'தங்கள் அனுபவத்தைக் கருத்தில் கொண்டு' என்பதில் ஒன்று. நான்காவது இவ்வளவுதான்: 'நீங்கள் எழுதியது சரி. நான் வேதத்தைப் பார்க்காமல் என் பாடத்தைப் பார்த்தேன். உங்களை நான்கு மாதம் நிறுத்திவைத்ததற்கு மன்னிக்க வேண்டும்.' புள்ளி இல்லாமல் திரும்பி வந்தது. சான்றிதழோடும் அடுத்த பாடத்தொகுப்பின் முதல் பாடத்தோடும் செப்டம்பரில் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

பதில் இல்லை. கையெழுத்தோடு ஒப்புகை அட்டை வந்தது, ஆகவே கிடைத்திருக்கிறது. அக்டோபர் கடைசியில் ஓய்வு பெற்றேன். பொன்னாடை போர்த்தினார்கள், பேசினார்கள். நான் தபால் வந்ததா என்று கேட்டேன். கிறிஸ்மஸ் போயிற்று. அந்த வகுப்பு யாருக்குப் போயிற்று என்று தெரியவில்லை. மீண்டும் எழுதலாமா என்று ஐயாவிடம் போய்க் கேட்டேன். "நீ முடிச்சிட்ட. இப்ப அவங்க முறை" என்றார். காத்திருப்பதற்கு நான் எத்தனையோ மாணவர்களைப் பழக்கியிருக்கிறேன். எனக்குப் பழக்கம் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

பிறகு வந்தது. பள்ளிக்குப் போய், அங்கிருந்து என் வீட்டுக்குத் திருப்பிவிட்ட பழுப்பு உறை. விரல் விட்டுப் பிரித்தேன். உள்ளே இரண்டு தாள்கள். ஒன்று, புதிய தொகுப்பின் முதல் பாடம், எல்லாக் கேள்விக்கும் விடை எழுதியிருந்தது. இன்னொன்று, பென்சில் மேல் பேனா ஓடிய கடிதம்:

'சார், உங்கள் கவர் அப்போதே வந்தது. பிள்ளைகள் கிளாஸ் எனக்கே கொடுத்துவிட்டார்கள், பதினெட்டுப் பேர் வருகிறார்கள். பதில் போடாமல் யோசித்துக்கொண்டு இருந்தேன். ஏன் என்றால், வார்டில் ஒரு பெரியவர் வந்தார். அவரும் காலை இழுத்துக்கொண்டார். நான் இவரும் பெருமைக்காரர் என்று நினைத்தேன். அப்புறம் பார்த்தால் காலில் புண், நாற்றம். எனக்குத் தெரியக் கூடாது என்று வெட்கப்பட்டு இழுத்திருக்கிறார். பேதுருவும் அப்படி வெட்கப்பட்டிருக்கலாம் இல்லையா? நான் எழுதியதும் முழுசாகச் சரி இல்லை. எனக்குப் போட்ட பத்தில் இரண்டு குறைத்து எட்டு போடுங்கள். பிள்ளைகளுக்கு மூன்றையும் சொல்லிக் கொடுத்தேன், நீங்கள் சொன்ன தாழ்மையையும். இந்தப் பாடத்தை நீங்களே திருத்த வேண்டும்.'

இரண்டு முறை படித்தேன். சிவப்பு மைப் பேனாவைத் தேடினேன், மனைவி எடுத்துத் தந்தாள். அவருடைய முதல் பாடத்தை அன்றே திருத்தி முடித்தேன். அன்றைய தேதி பிப்ரவரி பதினெட்டு, செவ்வாய்க்கிழமை.